அந்த அதிகாரத்தை முழுசா வாசிச்சியா?

2016 டிசம்பர் 31, சனிக்கிழமை ராத்திரி. வருஷக் கடைசி ஆராதனை முடிந்து, 12 மணிக்குக் கோயில் மணி அடித்து, எல்லாரும் ஒருவருக்கொருவர் கை கொடுத்து வாழ்த்திய பிறகு வாக்குத்தத்த அட்டை எடுக்க வரிசையில் நின்றேன். திருநெல்வேலிப் பக்கத்துச் சபைகளில் வளர்ந்தவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். தாம்பாளத்தில் வேதாகம வசனம் எழுதிய சின்னச் சின்ன அட்டைகளைக் கவிழ்த்து வைத்திருப்பார்கள், கண்ணை மூடி ஜெபித்து ஒன்றை எடுப்போம், அந்த வருஷம் முழுக்க அதுதான் நமக்கான வார்த்தை. எனக்கு வந்தது உபாகமம் 1:6. "நீங்கள் இந்த மலையருகே தங்கியிருந்தது போதும்."

எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. ஏனென்றால் அப்போது நான் ஒரு தனியார் நிறுவனத்தில் கணக்குப் பிரிவில் இருந்தேன், ஆறு வருஷம் ஆகியிருந்தது, அந்த நவம்பர் 8-ம் தேதி 500, 1000 ரூபாய் நோட்டுகள் செல்லாது என்று அறிவித்ததிலிருந்து எங்கள் பிரிவில் யாருமே ஒழுங்காகச் சாப்பிடவில்லை, தூங்கவில்லை. பணக் கணக்கு டேலி ஆகாத ஒவ்வொரு நாளும் மேலதிகாரி என்னைத்தான் எல்லார் முன்னாலும் நிற்க வைத்துக் கேட்பார். டிசம்பர் முழுக்க நான் செய்த ஒரே ஜெபம் "ஆண்டவரே, என்னை இங்கேயிருந்து வெளியே எடும்" என்பதுதான். அப்படிப்பட்டவள் கையில் "தங்கியிருந்தது போதும்" என்று ஒரு அட்டை வந்தால் எப்படி இருக்கும்?

மறுநாள் ராத்திரி என் வீட்டுக்காரரிடம் சொன்னேன். அவர் "ஒரு மாசம் பொறுத்துப் பார்ப்போமே, வேற வேலை ஒண்ணு கையில வரட்டும்" என்றார். "ஆண்டவர் பேசினதுக்கு அப்புறம் மனுஷங்ககிட்ட என்ன ஆலோசனை?" என்று நான் கேட்டேன். அவர் அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை. திங்கட்கிழமை, ஜனவரி 2, போனதும் ராஜினாமா கடிதத்தை நீட்டிவிட்டேன்.

முன்னறிவிப்பு கொடுக்காததால் ஒரு மாதச் சம்பளத்தைப் பிடித்துக்கொண்டார்கள். அனுபவச் சான்றிதழுக்கு ஏப்ரல் வரை நடந்தேன். வேலை தேடிப் போன இடத்திலெல்லாம் "ஏன் திடீர்னு விட்டீங்க?" என்ற கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. மே மாதம் மகளின் பள்ளிக் கட்டணத்துக்காக இரண்டு வளையல்கள் அடகுக் கடைக்குப் போயின. ஜெபத்தில் உட்கார்ந்தால் "நீர்தானே சொன்னீர்" என்பதைத் தாண்டி வேறு வார்த்தை வராது, கொஞ்ச நாளில் உட்காருவதே குறைந்துபோனது.

அந்த மே மாதம்தான் அப்பா ஊரிலிருந்து வந்து நாலு நாள் தங்கினார். ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், அதிகம் பேச மாட்டார். நான் அழுதுகொண்டே எல்லாவற்றையும் சொல்லி முடித்ததும் ஒன்றே ஒன்று கேட்டார். "ஏம்மா, அந்த அதிகாரத்தை முழுசா வாசிச்சியா?"

வாசிக்கவில்லை. பிறந்ததிலிருந்து கோயிலுக்குப் போகிறவள், ஞாயிறு பள்ளியில் பாடம் எடுத்தவள், ஆறாம் வசனத்தை மட்டும் கையில் பிடித்துக்கொண்டு ஐந்து மாதம் சுற்றியிருக்கிறேன். அன்றைக்கு அப்பா பக்கத்தில் இருக்க, சத்தமாக வாசித்தேன். 46 வசனம். ஓரேப் என்ற அந்த மலையருகே இஸ்ரவேலர் சும்மா காத்துக் கிடக்கவில்லை. ஏறக்குறைய 11 மாதம் அங்கே இருந்து நியாயப்பிரமாணத்தைப் பெற்றார்கள், ஆசரிப்புக் கூடாரத்தைக் கட்டினார்கள், அதற்குப் பிறகுதான் "போதும்" என்று ஆண்டவர் சொல்கிறார். புறப்படுகிறார்கள். வாக்குப்பண்ணப்பட்ட தேசத்தின் எல்லையில் இருக்கிற காதேசுக்கு வந்து, "போய்ச் சுதந்தரித்துக்கொள்" என்று ஆண்டவர் சொன்னபோது பயந்து போகாமல் நிற்கிறார்கள். அப்புறம் "போகாதே, நான் உங்களோடு வரமாட்டேன்" என்று சொன்ன பிறகு ஆயுதத்தைக் கட்டிக்கொண்டு தாங்களாகவே மலைமேல் ஏறுகிறார்கள். அந்த மலையில் குடியிருந்த எமோரியர் அவர்களைத் "தேனீக்கள் துரத்துகிறதுபோல" துரத்தினார்கள் என்று 44-ம் வசனம் சொல்கிறது. திரும்பி வந்து அழுதார்கள், கர்த்தர் கேட்கவில்லை என்று அடுத்த வசனம். அது என் ஐந்து மாதக் கதை. அதே அதிகாரத்தில், நான் பிடித்துக்கொண்ட வசனத்திலிருந்து ஒரு பக்கம் தள்ளி இருந்திருக்கிறது.

அட்டையின் மூலம் ஆண்டவர் பேசமாட்டார் என்று நான் சொல்ல வரவில்லை. இன்றைக்கும் டிசம்பர் 31 ராத்திரி வரிசையில் நிற்கிறேன், அட்டையை வேதாகமத்துக்குள் வைத்துக்கொள்கிறேன். ஆனால் ஒரு பழக்கத்தைக் கண்டிப்பாக வைத்திருக்கிறேன். எந்த வசனம் மனதைத் தொட்டாலும் அன்றைக்கே அந்த அதிகாரம் முழுவதையும், முடிந்தால் முன்பின் அதிகாரங்களையும் வாசித்துவிடுவேன். எரேமியா 29:11 எத்தனை வீட்டுச் சுவரில் தொங்குகிறது! "அவைகள் தீமைக்கல்ல, சமாதானத்துக்கேதுவான நினைவுகளே." பாபிலோனுக்குச் சிறைப்பட்டுப் போனவர்களுக்கு எழுதிய கடிதம் அது. முந்தின வசனம் எழுபது வருஷம் ஆகும் என்கிறது, ஐந்தாம் வசனம் அங்கேயே வீடு கட்டு, தோட்டம் போடு என்கிறது. நாளைக்கே விடுதலை என்று நினைத்து அந்த வசனத்தைப் பிடிக்கிறவர்களுக்கு, இருக்கிற இடத்தில் வேரூன்று என்பதுதான் பதிலாக இருக்கலாம்.

வேலைக் கதையை முடித்துவிடுகிறேன். ஜூலை 1-ல் ஜிஎஸ்டி வந்தது, கணக்குத் தெரிந்த ஆட்களைத் தேடிக் கடைக்காரர்கள் அலைந்தார்கள், ஆகஸ்டில் ஒரு ஆடிட்டர் அலுவலகத்தில் எனக்கு இடம் கிடைத்தது. முந்தின சம்பளத்தைவிடக் குறைவு. ஆண்டவர் என் அவசரத்தையும் சுமந்துகொண்டுதான் வந்தார் என்று இப்போது தெரிகிறது. அதற்காக அவசரம் சரியாகிவிடாது. என் வீட்டுக்காரரிடம் அந்த ஒரு வார்த்தைக்காக மன்னிப்புக் கேட்க எனக்கு அந்த ஆகஸ்ட் வரை ஆனது.

அதற்குப் பிறகுதான் ஒரு நோட்டு வாங்கினேன். காலை ஐந்தேகால், பால் பாக்கெட் வருவதற்கு முன்னால், அடுக்களையில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி. அன்றைய அதிகாரம், அதைப் பற்றி ஒரு வரி, ஜெபிக்கும்போது உள்ளே ஏதாவது அழுத்தமாக உணர்த்தப்பட்டால் அது ஒரு வரி, பக்கத்தில் தேதி. முக்கியமானது என்னவென்றால், கீழே நாலு வரி காலியாக விட்டுவிடுவேன். பிறகு என்ன ஆயிற்று என்று அங்கே எழுத. ஆறு மாதம் கழித்துத் திருப்பிப் பார்த்தபோது 23 இடத்தில் "ஆண்டவர் உணர்த்தியது" என்று எழுதியிருந்தேன். அதில் பாதிக்கு மேல் என் சொந்த ஆசை என்று வாசிக்கும்போதே தெரிந்தது. வெட்கமாக இருந்தாலும் அந்த நோட்டுதான் எனக்கு வாத்தியார். எந்தச் சத்தம் யாருடையது என்று அதில்தான் பழகினேன்.

நான் கவனித்ததைச் சொல்கிறேன். பயம் பேசினால் அவசரப்படுத்தும், இப்பவே செய், இல்லையென்றால் போச்சு என்று நெருக்கும். குற்றம் சாட்டுகிற சத்தம் மொத்தமாக அடிக்கும், நீ எதற்கும் லாயக்கில்லை என்று சொல்லும், என்ன செய்தால் சரியாகும் என்று மட்டும் சொல்லாது. ஆவியானவர் உணர்த்துவது குறிப்பாக இருக்கும். நேற்று ராத்திரி மகளிடம் நீ சொன்ன அந்த வார்த்தை, போய் அவளிடம் பேசு, அவ்வளவுதான். அது என்னைத் துரத்தாது. நான் தள்ளிப்போட்டாலும் மறுநாள் அதே அமைதியோடு அங்கேயே நிற்கும். தீர்க்கதரிசி எலியாவுக்குக் காற்றும் பூமி அதிர்ச்சியும் அக்கினியும் போன பிறகு "அமர்ந்த மெல்லிய சத்தம்" என்று வேதம் சொல்கிறதே, எங்கள் வீட்டில் குக்கர் விசில் அடிக்கத் தொடங்கிவிட்டால் எனக்கு அது கேட்காது, அதனால்தான் ஐந்தேகால்.

இன்னொன்றும் உண்டு. எப்போது பார்த்தாலும் எனக்குப் பிடித்ததையே சொல்லுகிற சத்தத்தை நான் இப்போது நம்புவதில்லை. சிறுவன் சாமுவேல் ராத்திரியில் கூப்பிடுகிற சத்தம் கேட்டு மூன்று தடவை ஆசாரியன் ஏலியிடம் ஓடினான், ஆண்டவர் சத்தம் அவனுக்கு ஏலியின் சத்தம் மாதிரியே கேட்டது, கடைசியில் கண் மங்கிப்போன அந்த ஏலிதான் "கர்த்தாவே சொல்லும், அடியேன் கேட்கிறேன்" என்று சொல்லச் சொல்லிக் கொடுத்தார். அப்படி அவன் கேட்ட முதல் செய்தி என்ன? தன்னை வளர்த்த அதே ஏலியின் வீட்டுக்கு விரோதமான நியாயத்தீர்ப்பு. விடியும்வரை படுத்திருந்தான், சொல்லப் பயந்தான். ஆண்டவர் சத்தத்தைப் பழகுகிறவர்களுக்கு இந்த அனுபவம் ஒரு தடவையாவது வரும்.

எனக்கு 2018-ல் வந்தது. மகள் பன்னிரண்டாம் வகுப்பு முடித்திருந்தாள். நர்சிங்கா, பி.காமா என்று வீட்டில் தினமும் பேச்சு. நான் விடாமல் ஜெபித்தேன், மூன்று நாள் உபவாசம்கூட இருந்தேன். ஆனால் எப்போது கண்ணை மூடினாலும் என் அண்ணன் மனைவி, மதினியின் முகம்தான் வந்தது. 2014-ல் அம்மா இறந்து அடக்கம் முடிந்த அதே வாரத்தில், அம்மாவின் இரட்டைவடச் சங்கிலியை யார் வைத்துக்கொள்வது என்று வந்த பேச்சில் நான் மதினியைத் துக்க வீட்டில், சொந்தக்காரர்கள் முன்னால், சொல்லக்கூடாத ஒரு வார்த்தை சொல்லிவிட்டேன். நாலு வருஷம் பேச்சு இல்லை. கல்யாண வீடுகளில் பார்த்தால் வேறு பக்கம் திரும்பிக்கொள்வோம். அந்த முகம் ஜெபத்தில் வரும்போது, சாத்தான் கவனத்தைச் சிதறடிக்கிறான் என்று கடிந்து ஜெபித்தேன். உண்மையாகவே அப்படித்தான் நம்பினேன். இரண்டு வாரம்.

பிறகு ஒரு காலை, வாசிப்பு அட்டவணைப்படி மத்தேயு 5 வந்தது. பலிபீடத்தண்டைக்குக் காணிக்கையோடு வந்தவன், தன் சகோதரனுக்குத் தன்மேல் குறை உண்டென்று அங்கே நினைவு வந்தால், காணிக்கையை அங்கேயே வைத்துவிட்டு, முதலில் போய் ஒப்புரவாக வேண்டும். "அங்கே நினைவுகூருவாயாகில்" என்ற இடத்தில் நின்றுவிட்டேன். ஜெபத்தில் நினைவுக்கு வருவதே ஆண்டவருடைய பேச்சாக இருக்கலாம் என்று இயேசுவின் அந்த வார்த்தையில் எனக்குப் புரிந்தது, நான் அதைப் பிசாசு என்று துரத்திக்கொண்டிருந்தேன்! நான் கேட்டது மகளுடைய படிப்பைப் பற்றி. அவர் பேசிக்கொண்டிருந்தது சங்கிலியைப் பற்றி.

சனிக்கிழமை தூத்துக்குடிக்குப் பஸ் ஏறினேன். மதினி பின்வாசலில் உட்கார்ந்து சாளை மீன் கழுவிக்கொண்டிருந்தார்கள். நிமிர்ந்து பார்த்துவிட்டு ஒன்றும் பேசவில்லை. கொஞ்ச நேரம் கழித்து "உள்ள வா, வெயில்ல நிக்காத" என்றார்கள். பஸ்ஸில் ஒத்திகை பார்த்துக்கொண்டு போன எதுவும் வரவில்லை. "அன்னைக்கு நான் சொன்னது தப்பு மதினி, உங்க மேலயும் தப்புன்னு சொல்லிக் காட்ட வரல, நான் சொன்னது தப்பு" என்று மட்டும் சொன்னேன். அவர்கள் "சரி" என்றார்கள். கட்டிப்பிடித்து அழவெல்லாம் இல்லை. சங்கிலி இன்றைக்கும் அவர்களிடம்தான் இருக்கிறது. சாப்பிட்டுவிட்டுத்தான் போகவேண்டும் என்று குழம்பு வைத்துப் போட்டார்கள். இப்போது பண்டிகைக்குப் போன் பேசிக்கொள்கிறோம், இடையில் இன்னும் கொஞ்சம் தயக்கம் இருக்கத்தான் செய்கிறது.

திரும்பி வந்த பிறகு மகளின் படிப்பைப் பற்றி ஏதாவது சத்தம் கேட்டதா என்றால், இல்லை. ஒன்றும் கேட்கவில்லை. அவளையே உட்கார வைத்து "உனக்கு என்ன ஆசை?" என்று கேட்டோம். அதுவரை அவளிடம் ஒழுங்காகக் கேட்கவே இல்லை, இதை எழுதும்போது கஷ்டமாக இருக்கிறது. கட்டணம் எவ்வளவு என்று பார்த்தோம், இரண்டு கல்லூரிகளுக்குப் போய் விடுதியைப் பார்த்தோம், படித்து முடித்த இரண்டு பெண்களிடம் விசாரித்தோம். எனக்கு இரத்தத்தைப் பார்த்தால் தலை சுற்றும், அவளுக்குச் சுற்றாது. நர்சிங் என்று முடிவு செய்து, ஜெபித்து, சேர்த்துவிட்டோம். ஞானத்தில் குறைவுள்ளவன் தேவனிடத்தில் கேட்கக்கடவன் என்று யாக்கோபு எழுதுகிறார். ஞானத்தைக் கொடுப்பதாகத்தான் வாக்கு. அவர் கொடுத்த புத்தியை உபயோகிக்காமல் வானத்திலிருந்து பதில் வரவேண்டும் என்று நான் காத்திருந்த வருஷங்கள் அதிகம். கிதியோன் ஆண்டவரிடம் அடையாளம் கேட்டு ஆட்டுத்தோலைப் போட்டதை எல்லாரும் எடுத்துக்காட்டுகிறார்கள், ஆனால் அதற்கு முன்பே அவனுக்குத் தெளிவாகச் சொல்லப்பட்டிருந்தது, "நீர் சொன்னபடி" என்று சொல்லிக்கொண்டேதான் அவன் தோலைப் போட்டான். தோல் அவனுடைய பயத்துக்கு ஆண்டவர் காட்டிய இரக்கம், நமக்கு வைத்த முறை என்று நான் நினைக்கவில்லை.

வாசல் திறந்திருக்கிறது, மனதில் சமாதானம் இருக்கிறது, அப்படியென்றால் தேவசித்தம்தான் என்று நம்மிடையே சொல்லும் வழக்கம் உண்டு. நானும் சொல்லியிருக்கிறேன். 2019-ல் சென்னையில் ஒரு வேலை வந்தது. இரண்டு மடங்கு சம்பளம், சித்தி மகள் தன் வீட்டு மாடியைக் கொடுக்கிறேன் என்றாள், என் வீட்டுக்காரருக்கும் இடமாற்றம் கிடைக்கும்போல் இருந்தது. ஒவ்வொரு கதவாகத் திறந்தது, எனக்குள்ளும் நல்ல சமாதானம். ஆனால் வீட்டில் அத்தை, என் மாமியார், பக்கவாதம் வந்து நாலு மாதமாகப் படுக்கையில் இருந்தார்கள். ஊரிலேயே ஒரு ஆள் வைத்துப் பார்த்துக்கொள்ளலாம் என்று கணக்குப் போட்டிருந்தேன். எங்கள் ஐயரம்மாவிடம், அதாவது சபைப் போதகரின் மனைவியிடம், ஜெபிக்கச் சொல்லிப் போனேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "யோனாவுக்கும் கப்பல் தயாரா இருந்துச்சும்மா" என்றார்கள்.

வீட்டுக்கு வந்து வாசித்தேன். நினிவேக்குப் போ என்று ஆண்டவர் சொல்லியும் யோனா யோப்பாவுக்குப் போகிறான், தர்ஷீசுக்குப் போகிற கப்பல் அங்கே நிற்கிறது, கூலி கொடுக்கக் கையில் பணம் இருக்கிறது, ஏறுகிறான், கீழ்த்தட்டில் போய் "அயர்ந்த நித்திரை" பண்ணுகிறான். திறந்த வாசலும் இருக்கிறது, நிம்மதியான தூக்கமும் இருக்கிறது, ஆனால் போகிற திசை ஆண்டவர் சொன்னதற்கு நேர் எதிர். சொந்தக் குடும்பத்தை முதலாவது விசாரிக்க வேண்டும் என்று தீமோத்தேயுவுக்குப் பவுல் எழுதியது எனக்குத் தெரியாத வசனமா என்ன? ஏற்கெனவே தெளிவாக எழுதியிருக்கிற ஒன்றைப் பற்றித் தனியாக ஒரு வெளிப்பாடு வேண்டும் என்று கேட்டுக்கொண்டிருந்தேன். சென்னைக்குப் போகவில்லை. அத்தை 2021 வரை இருந்தார்கள். அந்த வருஷங்கள் லேசாக இருக்கவில்லை, சில ராத்திரிகளில் துணி மாற்றிவிட்டு வந்து அந்தச் சம்பளத்தை நினைத்து அழுதிருக்கிறேன். கீழ்ப்படிந்தால் எல்லாம் சுலபமாகிவிடும் என்று யாராவது சொன்னால், பவுலைப் பாருங்கள் என்பேன். ஆசியாவில் வசனம் சொல்லத் தடை, பித்தினியாவுக்குப் போகத் தடை, பிறகு மக்கெதோனியா தரிசனம், உடனே கப்பல் ஏறிப் பிலிப்பிக்குப் போகிறார். போன இடத்தில் விசுவாசித்து வீட்டில் இடம் கொடுத்த லீதியாளும் கிடைத்தாள், அடியும் சிறையில் தொழுமரமும் கிடைத்தன.

எங்கள் மாவட்டத்தில், களக்காட்டுக்குப் பக்கத்தில் இருக்கிற டோனாவூருக்கு நான் பலமுறை போயிருக்கிறேன். அங்கே பிள்ளைகள் இல்லத்தைத் தொடங்கிய மிஷனரி ஏமி கார்மைக்கேல் அம்மா முதலில் போனது ஜப்பானுக்கு, 1893-ல். அங்கே உடம்புக்கு முடியாமல், பிறகு இலங்கை, பிறகு ஊருக்குத் திரும்பி, 1895-ல்தான் இந்தியா வந்தார்கள். வந்தும் கிராமம் கிராமமாகப் போய் சுவிசேஷம் சொல்வதுதான் அவர்கள் செய்த வேலை. 1901-ல் இந்துக் கோயில் ஒன்றிலிருந்து தப்பி ஓடிவந்த ஏழு வயதுப் பெண்பிள்ளை ஒன்று அவர்களிடம் வந்து சேர்ந்தது. அந்தப் பிள்ளையிலிருந்துதான் டோனாவூர் இல்லம். 1931-ல் கீழே விழுந்த பிறகு, 1951-ல் இறக்கும்வரை பெரும்பாலும் அறைக்குள்ளேயே இருந்தார்கள். முழுப் படமும் முதல் நாளே அவர்கள் கையில் இருந்ததாக நாம்தான் இப்போது நினைத்துக்கொள்கிறோம். அன்றைக்கு அவர்கள் கண்ணுக்குத் தெரிந்தது ஒரு பிள்ளை. கால்களுக்குத் தீபம் என்று சங்கீதக்காரன் சொல்வது அந்த அளவு வெளிச்சம்தான் என்று அங்கே போகும்போதெல்லாம் தோன்றும்.

தீர்க்கதரிசனத்தைப் பற்றிக் கேட்பவர்களுக்காக ஒரு வார்த்தை. அற்பமாக எண்ணாதிருங்கள் என்று பவுல் சொன்ன கையோடு "எல்லாவற்றையும் சோதித்துப்பார்த்து, நலமானதைப் பிடித்துக்கொள்ளுங்கள்" என்றும் சொல்லியிருக்கிறார். யாராவது ஒரு கூட்டத்தில் உங்களைக் கைகாட்டி இந்தப் பையனைத்தான் கட்டவேண்டும், இந்த நிலத்தைத்தான் வாங்கவேண்டும் என்று சொன்னால், நன்றி சொல்லிவிட்டு வீட்டுக்கு வாருங்கள். ஆண்டவருக்கு உங்கள் விலாசம் தெரியும், அவர் உங்களிடமும் பேசுவார். விசாரியுங்கள், பத்திரத்தைப் பாருங்கள். சர்க்கரை மாத்திரையையோ பிரஷர் மாத்திரையையோ நிறுத்தச் சொன்னால் யார் சொன்னாலும் கேட்கவே கேட்காதீர்கள். தீமோத்தேயுவின் வயிற்றுக்கு என்ன சாப்பிடவேண்டும் என்று பவுலே எழுதித்தான் அனுப்பினார்.

இன்னும் எனக்குப் புரியாதவையும் நோட்டில் இருக்கின்றன. இரண்டு தெரு தள்ளி இருக்கிற ஒரு பெரியம்மாவைப் போய்ப் பார் என்று மூன்று நாள் உள்ளே ஒரு ஏவுதல் இருந்தது. போனேன். முறுக்கு கொடுத்தார்கள், முழங்கால் வலியைப் பற்றிப் பேசினார்கள், ஜெபித்துவிட்டு வந்தேன். ஏன் போகச் சொன்னார் என்று இன்றுவரை தெரியாது. கீழே விட்ட நாலு வரியும் காலியாகவே இருக்கின்றன. முன்பென்றால் அது என் நினைப்புதான் என்று அடித்திருப்பேன். இப்போது அப்படியே விட்டுவிட்டேன், போனதில் தப்பொன்றும் இல்லையே.

இப்போது மகள் நர்சாக இருக்கிறாள். ஜெர்மனிக்குப் போகலாமா என்று யோசிக்கிறாள், அதற்காக ஜெர்மன் மொழி வகுப்புக்கும் போகிறாள். போன வாரம் போனில் "அம்மா, எனக்கு ஒரு வசனம் சொல்லுங்களேன், போகலாமா வேண்டாமான்னு" என்று கேட்டாள். நாக்கு நுனியில் மூன்று வசனம் வந்து நின்றது, மூன்றும் போகாதே என்று சொல்கிறவை, மூன்றும் என் பயம். சொல்லவில்லை. "நீ இப்ப எந்த அதிகாரம் வாசிச்சிட்டிருக்க?" என்று கேட்டேன். ரூத் என்றாள். நாலே அதிகாரம்தான். ரெண்டு பேரும் சேர்ந்தே வாசிப்போம், தினம் ராத்திரி ஒன்பதரைக்கு, வீடியோ காலில், என்று பேசி வைத்திருக்கிறோம். நேற்று முதல் அதிகாரம் முடிந்தது.